கோடு நகர்ந்த திரை

காலை பத்து மணி. அச்சுக்குப் போக வேண்டிய புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

பதிப்பக முதலாளி தாளைத் தூக்கிப் பிடித்தார். 'பக்க வடிவமைப்பு' என்று ஒரு வரி. பக்கத்தில் அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணின் பெயர். அவருடைய புத்தகங்களில் எழுதியவர் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் ஏறியதில்லை.

"போன மாசம் பேர் போடலாமான்னு கேட்ட. முடியாதுன்னேன். நீயே போட்டுக்கிட்டியா?"

"நான் போடலை சார்."

"அப்போ பேய் வந்து போட்டுச்சா? அந்த மெஷினை உன்னைத் தவிர யாரால தொட முடியும்? சாயந்திரத்துக்குள்ள ஒத்துக்கோ. இல்லைன்னா நாளையிலேர்ந்து வராதே."

விடுவிடுவென்று தன் அறைக்குப் போய் உட்கார்ந்து மவுஸை இழுத்தார். வயர் எட்டவில்லை. "இந்த மவுஸ் வயருக்கும் இன்னிக்குத்தான் வேளை வந்துச்சா" என்று அதையும் திட்டினார்.

அந்தப் பெண் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த அவள் தாய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏட்டம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யாரையும் நம்பாத பிறவி. பால்காரர் சிரித்தால்கூட பாத்திரத்தை ஒரு முறை எட்டிப் பார்ப்பாள்.

"நீ செஞ்சியாடி?"

"அம்மா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்லம்மா."

ஏட்டம்மா மகளின் காதையே பார்த்தாள். பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

"சரி. மெஷினைக் காட்டு."

மகளின் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் ஏட்டம்மாவுக்கு எரிச்சல்தான் வந்தது. கறுப்புத் திரையில் இரண்டு கட்டங்கள் மட்டும். குட்டிப் படங்கள் இல்லை, பட்டன் இல்லை, அடியில் பட்டை இல்லை. மேசையில் மவுஸே இல்லை.

"இது என்னடி, குடி வராத வீடு மாதிரி?"

"டைலிங் விண்டோ மேனேஜர்மா. ஜன்னல் மேல ஜன்னல் ஏறாது. தரையில ஓடு பதிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல தானா நிக்கும். திறக்க, மூட, நகர்த்த எல்லாமே கீபோர்டு விசைதான். மவுஸை நான் எப்பவோ திருப்பிக் குடுத்துட்டேன்."

"பூட்டு?"

"எதுக்கு? இதுல உட்கார்ந்தா யாருக்குமே ஒண்ணும் புரியாது. திரையை மட்டும் அணைச்சிட்டுப் போவேன்."

"வாசலைத் திறந்து போட்டுட்டு, வழி தெரியாதுங்கற தைரியத்துல தூங்கியிருக்க."

அந்த இரண்டு கட்டங்களும்தான் ஜன்னல்கள். இடது பக்கம் புத்தகம், வலது பக்கம் மூலப்பிரதி. நடுவில் மெல்லிய கோடு. மகள் அந்தக் கோட்டையே முறைத்தாள்.

"என்னடி?"

"சரிபாதியில இருக்கும். இப்போ வலது பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கு."

"உன் கை பட்டிருக்கும்."

"பட்டாலும் இப்படி வராதும்மா. விசையை அழுத்தினா படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படியாத்தான் நகரும். இது ரெண்டு படிக்கு நடுவுல நிக்குது."

"மவுஸால இழுத்தா?"

"எங்க வேணாலும் நிக்கும். ஆனா மவுஸ்தான் இல்லையே!"

ஏட்டம்மா மேசைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் தூசி படர்ந்திருந்தது. மவுஸ் சொருகும் ஓர் ஓட்டையைச் சுற்றி மட்டும் விரல் துடைத்த தடம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நேத்து நீ கிளம்பினப்புறம் இங்க யாரு?"

"சார் அச்சகத்துக்குப் போயிட்டாரு. கணக்கரும் அக்காவும் இருந்தாங்க."

அக்கா என்றால் முதலாளியின் மனைவி. மெய்ப்புத் திருத்துவது அவர்தான். மூலை மேசையில் சிவப்புப் பேனாவோடு குனிந்தே இருந்தார். அவர் மேசையில் தாள் கட்டுதான், கம்ப்யூட்டர் கிடையாது. கணக்கரிடம் வயரில்லாத மவுஸ், சட்டைப் பையில்.

"பையில ஏன் வெச்சிருக்கீங்க?" என்றாள் ஏட்டம்மா.

"மேசையில வெச்சா காணாமப் போகுது மேடம். வீட்டுக்குக்கூட எடுத்துட்டுப் போயிடுவேன்."

"நல்ல பழக்கம்." அவரை அன்றைக்கு அவளுக்குப் பிடித்துப்போனது.

நேரே முதலாளி அறைக்குள் போனாள். "உங்க மவுஸ் எப்பவும் முன்பக்கம்தானே சொருகியிருக்கும்?"

"ஆமா."

"இன்னிக்குப் பாருங்க."

அவர் குனிந்தார். வயர் பெட்டியின் பின்பக்கம் சுற்றிப்போய்ச் சொருகியிருந்தது.

"யாரோ பிடுங்கி, என் பொண்ணு மெஷின்ல சொருகி, எழுதிட்டு, திரும்பக் கொண்டுவந்து ஓட்டை மாத்திச் சொருகியிருக்காங்க. புத்தகம் திறந்தே இருந்துச்சு. ஜன்னலைத் திறக்கத்தான் அந்த வித்தையெல்லாம் வேணும். திறந்த பக்கத்துல இடத்தைச் சுட்ட மவுஸ் போதும், எழுதக் கீபோர்டு அங்கயே இருக்கு. போற போக்குல கோட்டையும் இழுத்துட்டாங்க. என் பொண்ணுக்கு மவுஸ் தேவையே இல்லை. கணக்கர் பையிலயே ஒண்ணு இருக்கு, உங்களுதைத் தொட வேண்டியதில்லை. தனக்குன்னு மவுஸ் இல்லாதவங்க இங்க ஒருத்தர்தான்."

வெளியே மூலை மேசையிலிருந்து சிவப்புப் பேனா கீழே விழுந்தது.

"நான்தாங்க," என்றார் அக்கா, அறை வாசலுக்கு வந்து. "தனியா சொல்லலாம்னு இருந்தேன். எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்குத் தலைகுனிவு."

"நீயா? எதுக்கு?"

"அந்தப் பொண்ணு கண்ணு போக வேலை செய்யுது. நாலாம் பக்கத்தை நீங்க என்னிக்குப் பார்த்திருக்கீங்க? நான் சரின்னா அனுப்பிடுவீங்க. இன்னிக்குப் பார்த்துப் பார்த்து அதைத்தான் எடுத்தீங்க."

"உன் பேரைப் போட்டிருந்தாலாவது ஒரு நியாயம்."

"அந்தப் பொண்ணாவது வாயைத் திறந்து கேட்டா. கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்க புத்தகத்தையெல்லாம் வாசிக்கறேன். எனக்குப் பேர் கேக்கணும்னு தோணவே இல்லை."

முதலாளி தன் மவுஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணின் மேசைக்கு அடியில் தட்டுத்தடுமாறி மண்டியிட்டார்.

"சார், என்ன வேணும்னு சொல்லுங்க, நானே அடிக்கறேன்."

"நீ சும்மா இரும்மா. உன் வரி அப்படியே இருக்கட்டும். காலையில பேசினதை மனசுல வெச்சுக்காதே."

நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்தினார். 'மெய்ப்பு' என்று வந்தது. அதன் பக்கத்தில் மனைவியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிழை வருகிறதா என்று பார்த்தார்.

ஏட்டம்மா மூக்குக்கண்ணாடியை மகள் கையில் திணித்தாள்.

"இனிமே பூட்டிட்டுப் போ," என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சார், கோட்டை இழுத்துடாதீங்க. மறுபடியும் நான் வர வேண்டியிருக்கும்."