ஒன்பது கோலி சோடா பாட்டில்கள்

மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அச்சுதனின் துப்பறியும் அலுவலகத்துக்கு யாரும் நல்ல செய்தியோடு படியேறி வந்ததில்லை. கிறிஸ்டினாவும் அப்படித்தான் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் கணவன் ஜெரோம் ஏசி மெக்கானிக். விடுமுறை நாட்களில் அவனுக்கு ஒரே பைத்தியம்: கைவிடப்பட்ட பழைய குப்பைமேடுகளைத் தோண்டி கோலிக்குண்டு, மைக்கூடு, கோலி சோடா பாட்டில் என்று எதையாவது வீட்டுக்குக் கொண்டுவருவது. மூன்று வாரத்துக்கு முன் அனகாபுத்தூர் ஆற்றங்கரையில், மூடிப்போன ஒரு சோடா கம்பெனியின் பின்புறம் தோண்டும்போது குழி சரிந்து செத்துப்போனான்.

"கூட இருந்தது அவரோட கூட்டாளி குமரேசன் அண்ணா. ஒரே நொடியில முடிஞ்சிடுச்சு, அவன் கஷ்டப்படவே இல்ல தங்கச்சின்னு சொல்றாரு. ஆனா என் முகத்தைப் பாத்து சொல்ல மாட்டேங்கிறாரு சார்."

"உங்களுக்கு என்ன தெரியணும்?"

"அது ஒண்ணுதான். உடனே போயிட்டாரா, இல்லையா? போலீஸ், கேஸ் எதுவும் வேணாம். ராத்திரி கண்ண மூடினா எனக்குக் குழிதான் தெரியுது."

வேறு ஏதாவது உறுத்துகிறதா என்று அச்சுதன் கேட்டார்.

"சட்டை சார். சாயங்காலம் பூசைக்கு நேரா வந்துடறேன், குழியில இறங்க மாட்டேன்னு சொல்லி, கிறிஸ்மஸுக்கு எடுத்த வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாரு. வெறும் மேலோடதான் கொண்டாந்தாங்க. சட்டை எங்கயுமே கிடைக்கல."

"அன்னிக்குத் தோண்டின பாட்டில்கள்?"

"ஒரு கோணிப்பையில கட்டி அண்ணாதான் வூட்ல வச்சிட்டுப் போனாரு. நான் பிரிக்கல. பாக்கவே புடிக்கல."

அவள் இறங்கிப் போனதும் அச்சுதனின் உதவியாளர் வினிதா துள்ளி எழுந்தாள். எல்லா மரணத்திலும் கொலை இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. "குமரேசன்தான் சார் தள்ளிவிட்டிருப்பான்!"

"முதல்ல மண்ணைப் பாப்போம்மா," என்றார் அவர்.

ஆற்றங்கரையில் குழி இன்னும் பாதி திறந்தே கிடந்தது. வேலி போடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. குழியின் சுவரில் கீழ்ப்பகுதி கறுப்பு. சோடா கம்பெனி காலத்துச் சாம்பலும் கண்ணாடிச் சில்லும் கலந்த மண். அதற்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண். பக்கத்தில் அபார்ட்மெண்ட் கட்டுகிறவர்கள் கொண்டுவந்து கொட்டியது. சரிந்து விழுந்ததும் அந்தச் செம்மண்தான். வினிதா செல்போனில் படமெடுத்துத் தள்ளினாள். அச்சுதன் இரண்டு மண்ணிலும் ஒரு பிடி எடுத்து, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

மறுநாள் கிறிஸ்டினாவின் வீட்டுக்குக் குமரேசனை வரவழைத்தார்கள். பம்மலில் செல்போன் கடை வைத்திருப்பவன். மூன்று வாரத்தில் பாதி ஆளாகியிருந்தான். ஹாலின் நடுவே கட்டுப் பிரிக்காத கோணிப்பை.

"இந்த மூட்டையை எப்ப கட்டுனீங்க?" அச்சுதனின் குரலில் அவசரமே இல்லை.

"சரியறதுக்கு முன்னாடியே சார். பாட்டிலைத் துணியில சுத்தி, மூட்டை கட்டி, வண்டியில வைக்கலாம்னு ரோட்டாண்ட போனேன். தொப்புன்னு சத்தம். ஓடியாந்து பாத்தா ஆளே கண்ணுல படல. ஒரே நொடி சார்."

"அப்ப சரிஞ்ச மண்ணு இந்தப் பாட்டில்கள் மேல பட்டிருக்க வழியில்ல."

"இல்ல சார்."

அச்சுதன் கட்டை அவிழ்த்தார். உள்ளே ஒன்பது கோலி சோடா பாட்டில்கள், ஒவ்வொன்றும் துணிக்கிழிசலில் பச்சைக்குழந்தை மாதிரி சுற்றப்பட்டிருந்தன. துணியின் நிறம் வெளிர்நீலம். கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு பாட்டிலைப் பிரித்துக் காட்டினார். "உள்ளே அடைஞ்சிருக்கறது கறுப்பு மண். அது நியாயம், அம்பது அறுபது வருஷமா அதிலதான் கிடந்திருக்கு. ஆனா வெளியில, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பாருங்க. செம்மண். எல்லாப் பாட்டில்லயும் இருக்கு. சரிஞ்சதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் வெளிய வந்திருக்கு, குமரேசன்."

"மனுஷன் புதைஞ்சு கிடக்கான், நீ பாட்டில் பொறுக்கினியா!" வினிதா கத்தியேவிட்டாள்.

அச்சுதன் தரையில் உட்கார்ந்து, கிழிசல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து அடுக்க ஆரம்பித்தார். காலர், தோள், கை. கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் தரையில் ஒரு சட்டை படுத்திருந்தது. மேலே அங்கங்கே கைபட்ட அழுக்குதான். வயிற்றுப் பக்கம் மட்டும் குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே துணி முழுக்கச் செம்மண் ஏறிக் கசங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் கண்முன்னே அதை அவர் அடுக்கியிருக்க வேண்டியதில்லை. வினிதாவுக்கு முதல்முறையாக அவர்மேல் வெறுப்பு வந்தது.

"மண்ணு இந்தக் கோடு வரைக்கும்தான் ஏறியிருக்கு," என்றார் அச்சுதன். "அப்ப சட்டை அவர் உடம்புலதான் இருந்திருக்கு. இடுப்புக்குக் கீழ புதைஞ்சிருக்கார். நெஞ்சும் கையும் மேல. பட்டனையும் பாருங்க, ஒண்ணுகூடத் தெறிக்கல, காஜாவும் கிழியல. யாரும் பிடுங்கல. அவரே நிதானமா அவிழ்த்திருக்கார்."

கிறிஸ்டினா குமரேசனைப் பார்த்தாள். "உயிரோட இருந்தாரா அண்ணா?"

குமரேசன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"இருந்தான் தங்கச்சி. நல்லாத்தான் இருந்தான், சிரிச்சான்கூட. ஆளுங்களக் கூட்டியாறேன்னேன். வேணாம் மச்சான், அவனுங்க வந்தா ஜேசிபிய வுட்டு எல்லாத்தையும் நொறுக்கிடுவானுங்க, கால் மட்டும்தான் மாட்டிக்கினு கீது, மொதல்ல இத எடுத்துருவோம்னான். மண்ணு சரிஞ்சதுல, அவனுக்கு நேரா சுவத்துல வரிசையா பாட்டில் தெரிஞ்சிது. அவனே வெரலால நோண்டி நோண்டி எடுத்தான். சுத்தறதுக்குத் துணி இல்ல. சட்டையக் கழட்டி, பல்லால கடிச்சுக் கிழிச்சி, சுத்திச் சுத்தி எங்கிட்ட குடுத்தான்."

"நீங்க வாங்கினீங்க," என்றார் அச்சுதன்.

"வாங்கினேன் சார். எனக்கும் ஆசதான். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு நானும் நின்னேன். அப்பறம் மேல இருந்த மிச்ச மண்ணும் வந்துட்ச்சு."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கொண்டிருந்தார்கள். அது கிளம்பிவிட்டால் தேவலை என்றிருந்தது வினிதாவுக்கு. கொலைகாரன் கிடைத்திருந்தால்கூட இந்தப் பெண்ணுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

"கடைசியா என்ன சொன்னாரு?" கிறிஸ்டினாவின் குரல் மெதுவாக வந்தது. "என்னப் பத்தி, புள்ளையப் பத்தி... எதுனா சொன்னாரா?"

குமரேசன் அச்சுதனைப் பார்த்தான். ஒரு பொய் சொல்ல உத்தரவு கேட்கிற பார்வை. கொடுத்துத் தொலையுங்களேன் என்று வினிதா மனதுக்குள் மன்றாடினாள்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றார் அச்சுதன்.

"பத்தாவதா ஒண்ணு கீது, இதான் கடைசின்னு சொல்லிக்கினே உள்ள கைய வுட்டான். உள்ள கோலி கீதான்னு அங்கிருந்து எட்டிப் பாருடான்னான். அத இழுக்கறப்பதான் மேல இருந்தது வந்துட்ச்சு."

கிறிஸ்டினா தரையில் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சா அண்ணா, கோலி?"

"இல்லம்மா. பொணத்த எடுக்கறப்ப அவன் கையிலதான் இருந்திச்சு, பாத்தேன். அது பாட்டிலே இல்ல. வெறும் ஒடஞ்ச அடிக்கண்ணாடி."