இருட்டில் வைத்த தண்ணீர்

அடுப்பின் தீ சாய்ந்து எரிந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறியும் ஓடவில்லை. ஆனாலும் பால் பாத்திரத்துக்கு அடியிலிருந்த நீலத் தீ, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சி இழுப்பதுபோல், சுவர் அலமாரியின் பக்கமாகவே நீண்டு நீண்டு நடுங்கியது. அலமாரிக்குள் இருந்தது ஆற்றுத் தண்ணீர்.

மற்ற நாட்களில் மருந்துக்கடையில் நிற்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ஆற்றைச் சோதிக்கும் தன்னார்வலர்களோடு போவாள். பாலத்தடியில் பாட்டிலை இறக்கி, குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐந்து நாள் இருட்டில் வைக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அழுக்கிலுள்ள கிருமிகள் சுவாசித்துத் தீர்க்கும். எவ்வளவு தீர்கிறதோ அவ்வளவு அழுக்கு. எப்போதும் குழுவை நடத்தும் டீச்சர் வீட்டில்தான் வைப்பார்கள். அங்கே வெள்ளையடிக்கும் வேலை நடந்ததால் இந்த முறை பாட்டில் இங்கே வந்தது.

"சாக்கடையப் புடிச்சு சமையக்கட்டுல பூட்டி வெச்சிருக்கா மகராசி," என்றாள் நாத்தனார், முன்னறை நாற்காலியிலிருந்து, சுவருக்கும் கேட்கும்படி. கணவனின் அக்கா, தம்பி வெளியூர் வேலைக்குப் போனதும் வீட்டைக் காக்க வந்தவள், வீட்டுக்காரியைத்தான் காவல் காத்தாள். "இந்த வீட்ல நான் மூச்சு விடுறதா, வேண்டாமா?"

"நாளைக்குக் கொண்டுபோயிடுவேன் அண்ணி."

"நேத்தும் இதையேதான் சொன்ன." இருமல். வந்த நாளில் இல்லாத இருமல். இப்போது பேச்சை விட அதுதான் அதிகம்.

தீ அணைந்தது.

சிலிண்டரில் எரிவாயு இருந்தது. தீக்குச்சியை உரசினாள், சீறிப் பற்றி, அலமாரிப் பக்கம் ஒரு முறை தலைசாய்த்து, செத்தது. இன்னொன்றும் அப்படியே. மாலை வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் பழுப்பாகத் தேங்கியிருந்தது. ஏதோ வாடை. ஆற்றின் நாற்றம் அவளுக்குப் பழக்கம், இது அதில்லை. நெடுநேரம் மூடியே இருந்த வாய் திறந்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை.

டீச்சருக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், பாட்டில் பக்கத்துல தீக்குச்சி எரிஞ்சு நிக்கவே மாட்டேங்குது."



"யாராச்சும் தொறந்தாங்களா?"

"இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."

"இப்பதாம்மா பாலத்துகிட்டேர்ந்து வரேன். மீனெல்லாம் செத்துக் கெடக்கு. தண்ணியில ஒண்ணுகூட இல்ல. கரையில. படிக்கட்டு மேல, ரோட்டு வரைக்கும். எதுக்கோ பயந்து ஏறி ஓடின மாதிரி." குரல் உடைந்தது. "நீ வெளிய வந்துடு. பாட்டில் கெடந்தா கெடக்கட்டும்."

"அண்ணி!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கூப்பிட்டால் உடனே பதில் சொல்லும் வழக்கம் அண்ணிக்கு எப்போது இருந்தது? அந்தப் பிடிவாதக்காரியைக் கிளப்புவதை விட பாட்டிலை வெளியே எறிவது சுலபம் என்று தோன்றியது. சாவியைப் போட்டாள். கதவு வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இழுத்தது. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். சட்டென்று விட்டது.

பாட்டில் வைத்த இடத்திலேயே நின்றது. மூடி இறுகியிருந்தது. மூடியைச் சுற்றி அவளே ஒட்டிய நாடாகூடப் பிரியவில்லை.

உள்ளே தண்ணீர் இல்லை.

ஒரு சொட்டுகூட இல்லை. துடைத்து வைத்தாற்போல் உலர்ந்த கண்ணாடி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருமல் நின்று வெகுநேரமாகிறது.

முன்னறை. நாற்காலி. நாத்தனாரின் தலை பின்னால் சரிந்திருந்தது. கண்கள் கூரையைப் பார்த்தன. வாய் அகலத் திறந்திருந்தது.

மார்பு அசையவில்லை.

கிட்டே போனாள். வாய் நிறையத் தண்ணீர். உதடு வரை. பழுப்பு நிறம். தட்டையாக, பளபளப்பாக. அது மேலே எழுந்தது. இறங்கியது. எழுந்தது. இறங்கியது. நிதானமாக. தூங்குகிறவரின் மூச்சுபோல.

அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீரும் நின்றது.

காதுக்குள் ரத்தம் இரைந்தது. நெஞ்சு எரிந்தது. தாங்க முடியவில்லை. ஒரு துளி, ஒரே ஒரு துளி காற்றை மூக்கு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

நாத்தனாரின் தலை நிமிர்ந்தது. மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வாய் திறந்தபடியே.

ஒரு சொட்டும் சிந்தவில்லை.