கேனின் அடியில் தண்ணீர்

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த மாமியாரின் அறைக்குள்ளிருந்து, தண்ணீருக்குள் யாரோ மெல்ல ஊதுவதுபோல, குமிழிகள் உடையும் சத்தம் வந்தது. தேநீர்த் தட்டோடு அவள் நடையில் நின்றாள். மழைக்குழாயாக இருக்கும். மதியமே இருட்டிக்கொண்டு வந்த மழை கூரையிலும் ஜன்னல் தகரத்திலும் அடித்துக் கொட்டும்போது, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று யாரால் சொல்ல முடியும்?

கூடத்தில் அவள் கணவன் புது ஜெனரேட்டருக்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான்.

"டீசல்னா ரொம்ப நாள் உழைக்கும் சார். ஆனா சத்தம், புகை. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"சண்டை பழகிருச்சுண்ணே. கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு."

மெக்கானிக் சிரித்தார். "பெட்ரோல் மெஷின் விலை கம்மி. ஆனா கேன்ல வாங்கி வெச்சா மாசக்கணக்குல நிக்காது, கெட்டுப்போகும். கேஸ்னா சிலிண்டர் பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும். சீல் வெச்சது, யாரும் கை வைக்க முடியாது."

அவள் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள்.

"கேஸே வாங்கிரலாங்க," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கணவன் நிமிர்ந்து பார்த்தான். "வாங்கலாம். அன்னிக்கு அது ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கலாம். கேன் நிறைய பெட்ரோல் இருந்துச்சுண்ணே. அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் பத்து நிமிஷம்கூட ஓடலை. பழசைப் பிரிச்சுப் பாத்துருங்க."

இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். அவள் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

கேன் நிறையத்தான் இருந்தது. அவள்தான் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஸ்கூட்டருக்கு ஊற்றிக்கொண்டாள். போவதற்கென்று ஓர் இடமும் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போனபின், கடைசித் தெரு முடிகிற இடம்வரை போய், காற்று முகத்தில் அடிக்க ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவாள், அவ்வளவுதான். எங்கே போனாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கேனில் அளவு இறங்கியதைக் கணவன் பார்த்துவிடக் கூடாதென்று, குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றி நிரப்பினாள். இரண்டும் கலந்துவிடும் என்று நினைத்தாள். தண்ணீர் அடியில் போய்த் தங்கும், இயந்திரம் அடியிலிருந்துதான் குடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

படுக்கையிலிருந்த மாமியார் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. "என்னையும் ஒரு நாள் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவியா குட்டி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த வாரம் கரண்ட் போனது. அவள் கேனிலிருந்து ஜெனரேட்டர் டாங்கில் ஊற்றிவிட்டு, தனியாக அதன் கயிற்றை இழுத்தாள். இயந்திரம் ஓடியது, இருமியது, நின்றது. உள்ளங்கை உரிய உரிய இழுத்தாள். ஜன்னலில் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு பார்க்கவில்லை.

'ஏன் நின்னுச்சுன்னு தெரியலைங்க' என்று கணவனிடம் அழுதபோது, அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசியது.

பின்கட்டில் இரும்பு இரும்பில் உரசியது. வாளிக்குள் ஏதோ ஊற்றும் ஓசை.

கரண்ட் போனது.

கூடம் முழுக்கச் சாம்பல் நிறம். அந்த இருட்டில், பழைய ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. தடதடவென்று, ஓர் இருமல் இல்லாமல். ஓடுகிறதா? அப்படியானால் தண்ணீர் இல்லை. ஆவியாகிப் போயிருக்கும். தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைத்ததற்கு மறுபடியும் கூசினாள்.

மாமியாரின் அறைக் கதவடியில் வெளிச்சக் கோடு.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். மருந்து வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து அப்பின. விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கணவனும் மெக்கானிக்கும் மழைக்குள் பின்வாங்கி நின்றிருந்தார்கள். கழற்றிய டாங்க் தரையில் கவிழ்ந்து கிடந்தது. டாங்க் இல்லாத இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். அதன் பிளக் தரையில் கிடந்தது. அதன் தண்ணீர் பாட்டிலில் குமிழிகள்.

தலையணை நடுவில் குழிந்திருந்தது. குழிக்கு மேல், எதிலும் படாமல், மாஸ்க்.

உள்ளே பனி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது.

"அத்தை..."

பின்கட்டுக் கதவு படாரென்று அடித்தது. ஓடிவரும் கால்கள். கணவன் நிலைப்படியில் நின்றான், கையில் வாளி, முகத்தில் மழை.

"தண்ணிடி. அம்புட்டும் தண்ணி. யாரு ஊத்துனது?"

அவள் கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

மாஸ்க் மெல்லத் திரும்பியது. அவனைப் பார்த்து. உள்ளே பனி அடர்ந்தது. பேச மூச்சு இழுப்பதுபோல.

சொல்லப்போகிறார்.

அவள் குனிந்தாள். மாஸ்க்குக்குப் போகும் குழாயை இரண்டாக மடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

குமிழிகள் நின்றன. படுக்கை விரிப்பு கால்மாட்டில் உதைத்து உதைத்துச் சுருண்டது. கணவன் வாளியைக் கீழே போட்டான். தலையணைக் குழி அவள் பக்கம் திரும்பியது. ஈரமான விரல்கள், கண்ணுக்குத் தெரியாத விரல்கள், அவள் மணிக்கட்டைத் தடவின. பிடுங்கவில்லை. கெஞ்சின.

அவள் பிடியை விடவில்லை.