இருபத்தேழு இன்ச்சும் இருபத்துநான்கு இன்ச்சும்

ரோசரி போட்டு வைத்த காப்பியைப் பிரான்சி தொடவில்லை. சமையல் மேடையில் அது ஏடு கட்டிக் கிடந்தது. ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்த இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததில்லை.

"காப்பி ஆறுதே பிரான்சி..."

"ஆறட்டும்க்கா. ஆறிப் போனது காப்பி மட்டுமா?"

முந்தின நாள் பிரான்சியின் கணவன் டோமினிக்கின் ஒன்பதாவது நினைவு நாள். தம்பி இறந்த அன்று கல்லறை மண் காய்வதற்குள் ரோசரியின் கணவர் சவரிநாதன் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். தன் மகன் பிரவீன்ராஜுக்கு எது வந்தாலும் தம்பி மகன் அருள்ராஜுக்கும் அதுவே வரும். சைக்கிள் இரண்டு வந்தது. கைக்கடிகாரம் இரண்டு வந்தது. பாலக்கரையில் அந்த வீட்டின் பெயர் அந்த வார்த்தையின் மேல்தான் நின்றது. வாங்கிக் கொடுப்பது பெரியவர்கள் பொறுப்பு. பிள்ளைகள் கடைக்கு வந்து கைகாட்டுவது அங்கே வழக்கமில்லை.

இந்த வருட நினைவு நாளுக்கு, கம்ப்யூட்டரில் விளையாட இரண்டு மானிட்டர். வாங்கப் போனவள் ரோசரி. அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதை அவள் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் அருள்ராஜின் மேஜையில் வைத்தாள்.

"உங்க மகனுக்கு இருபத்தேழு. அப்பன் இல்லாத பிள்ளைக்கு இருபத்துநாலு! வெறும் மூணு இன்ச்சுதான்... ஆனா என் இடம் எதுன்னு அளந்து காட்டிட்டீங்களேக்கா!" பிரான்சியின் குரல் உடைந்தது.

பிரவீன்ராஜ் பல்துலக்கிய பிரஷ்ஷோடு ஓடி வந்தான். "ஐயோ சித்தி, எனக்கு எதுன்னாலும் ஓகே. ரெண்டும் ஒரே மாடல்தான், ஒரே ஸ்பீடுதான். இப்பவே கழட்டி மாத்திடறேன்."

"தொடாத பிரவீன்!"

ரோசரியின் அதட்டலில் மூவருமே திடுக்கிட்டார்கள். மூன்றாவது ஆள், பூசைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசற்படியில் வந்து நின்ற சவரிநாதன். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். வீட்டிலும் அவர் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார்.

"ரோசரி. மாத்திக் குடு."

"மாத்த மாட்டேங்க."

"காரணம்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"கடையில ஒரே மாதிரி ரெண்டு இல்லையா?"

"சின்னதுல ஒண்ணுதான் இருந்துச்சு. பெருசுல ரெண்டு இருந்துச்சு."

"பெருசுல ரெண்டு இருந்துமா...?" பிரான்சி தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுக்கங்க அத்தான்! வேணும்னே செஞ்சிருக்காங்க. அவர் இருந்திருந்தா இப்படி நடக்குமா? இனிமே எனக்கு அடுப்பு வேற. மாடியில நான் தனியா பொங்கித் தின்னுக்கறேன்."

தனி அடுப்பு! அந்தச் சொல் சவரிநாதன் முகத்தில் அறைந்ததுபோல் விழுந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"என் தம்பி கல்லறையில நான் குடுத்த வார்த்தையை நீ காலால மிதிச்சுட்ட. இந்த மனசோட நீ இன்னிக்கு நன்மை வாங்கக் கூடாது. கோயிலுக்கு வா. பெஞ்சுலயே உக்காந்திரு."

நன்மை என்பது பூசையில் சாமியார் கையால் வாங்கும் அப்பம்; பெரிய பாவம் செய்தவர்கள்தான் அதை வாங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ரோசரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி அப்படியே உதிர்ந்துவிடும். அந்த வார்த்தை அவளுடையதாக இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, விளக்கு வைக்கும் நேரத்தில், கூடத்தில் கிடந்த பெஞ்சில் இடித்து அருள்ராஜ் குப்புற விழுந்தான். பெஞ்சு அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே கிடப்பது. ரோசரிக்கு மட்டும் மனதில் சுருக்கென்றது. தங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கண் மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனாள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவனுக்குத் தெரியும், திருப்பிக் கொண்டுவர மருந்தில்லை என்றார் அவர். தாய் வழியில் ஆண்பிள்ளைக்கு வருகிற வகை என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா... தன்னாலதான்னு நினைச்சே அது செத்துரும்." அவள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

கடையில் நவ்ஷாத் என்ற பையன் இரண்டு மானிட்டரையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினான். "எல்லாரும் பெருசுதாம்மா கேப்பாங்க." இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றாள். "தம்பி, முகத்தைத் திருப்பாம முழுசும் தெரியணும்னா எது?" என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டுச் சின்னதைத் தொட்டான். மகனுக்கும் அதையே வாங்கலாமென்றால் ஒன்றுதான் இருந்தது. நினைவு நாளைத் தள்ளிப்போட சவரிநாதன் சம்மதிக்கமாட்டார். பழி வரும் என்று தெரிந்தேதான் பணத்தைக் கட்டினாள்.

எட்டு மணிப் பூசையில் கோயில் நிரம்பி வழிந்தது. நன்மை கொடுக்கிற நேரம் வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போனார்கள். சவரிநாதன் போனார், பிரவீன்ராஜ் போனான், பிரான்சி போனாள். ரோசரி முக்காட்டை இழுத்துக்கொண்டு அந்த நீளப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாதா சபைத் தலைவி! ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிறவள்! பக்கத்துப் பெஞ்சு ரோசம்மாள் திரும்பிப் பார்த்தாள். இன்னொருத்தி அவள் காதில் ஏதோ சொன்னாள். பதினெட்டு வயதில் மருமகளாக வந்த நாளிலிருந்து ரோசரி அப்படித் தலை குனிந்ததில்லை.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த அருள்ராஜின் குழாய்ப் பார்வையில், நேர் எதிரே, அந்த ஒற்றை முக்காடுதான் தெரிந்தது. விடியற்காலையிலேயே பயிற்சிக்கு வந்துவிட்டவனுக்கு வீட்டுச் சண்டை எதுவும் தெரியாது. பாட்டின் நடுவே அவன் விரல் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிரவீன்ராஜிடமிருந்து முழுவதையும் கேட்டு வாங்கினான். நேரே கூடத்துக்கு வந்தான்.

"பெரியப்பா, பெரியம்மா மேல தப்பில்ல."

"டேய் அருள், வேண்டாம்டா..." ரோசரி பதறி எழுந்தாள். "நான் தாங்கிக்கறேன்டா..."

"நீங்க தாங்குனது போதும் பெரியம்மா." அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தான். "அம்மா, என் இடது பக்கமா வந்து நில்லு. கையை ஆட்டு."

"என்னடா விளையாட்டு இது?"

"ஆட்டும்மா."

பிரான்சி அவன் தோளுக்கருகே நின்று கையை ஆட்டினாள். அவன் முகம் அசையவில்லை.

"ஆட்டிட்டியா?"

"ஆட்டிக்கிட்டேதானே இருக்கேன்!"

"எனக்குத் தெரியலம்மா."

பிரான்சியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பெரிய மானிட்டர்ல விளையாடினா மூலையில இருக்கிற மேப் எனக்குத் தெரியாது. அதைப் பாக்கலைன்னா எவன் எங்கருந்து வர்றான்னே தெரியாம சாக வேண்டியதுதான். தள்ளி உக்காந்தா எழுத்து மங்குது. சின்னதுல மொத்தமும் கண்ணுக்குள்ள அடங்குது. நேத்து சாயந்தரம் பிரவீனோட ஒரு மணி நேரம் விளையாடினேன். ரொம்ப நாளைக்கப்புறம் நான் தோக்கலம்மா. இன்னும் எத்தனை வருஷம் தெரியும்னு டாக்டர் சொல்லல. தெரியறவரைக்கும் விளையாடட்டும்னு பெரியம்மா நினைச்சாங்க. நான்தான் சத்தியம் வாங்கி வாயைக் கட்டினேன்."

சுவரைப் பிடித்தபடியே பிரான்சி சரிந்து உட்கார்ந்தாள்.

"எங்க இன்னாசிராஜ் அண்ணனும்... இப்படித்தான். பொழுது சாஞ்சா சைக்கிளைக் கொண்டுபோய்ச் சுவத்துல முட்டுவான். குடிச்சிட்டு வர்றான்னு எங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு. 'கண்ணு தெரியலப்பா, கண்ணு தெரியலப்பா'ன்னு கத்துவான். ஒருத்தரும் நம்பல. மணப்பாறை ரோட்டுல லாரியில அடிபட்டப்பகூட, போதையில போய் விழுந்தான்னுதான்..." அவள் நிமிர்ந்து ரோசரியைப் பார்த்தாள். "அக்கா... இது எங்க வீட்டுலேருந்து வந்ததா? நான் குடுத்ததாக்கா?"

ரோசரி குனிந்து, காலில் விழப்போனவளைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"பெத்தவ பிள்ளைக்கு உசுரைத்தான்டி குடுக்கறா. நோவை யாராவது வேணும்னு குடுப்பாங்களா? அழு. இப்ப அழுதுரு. அவன் முன்னாடி தினமும் அழாத."

"பாவி நான்... என்னென்ன பேசிட்டேன்! என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமேக்கா!"

சவரிநாதன் சுவரோரமாக நின்றார். எழுபதை நெருங்கும் அந்த உடம்பு முதல்முறையாகக் கொஞ்சம் வளைந்திருந்தது.

"ரோசரி... ஊர் பார்க்க உன்னை உக்கார வெச்சேன். ஊர் பார்க்கவே நான் சொல்றேன். சாமியார்கிட்ட சொல்றேன், சபையில சொல்றேன்..."

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாங்க. சொன்னா பிள்ளை கண்ணைப் பத்தியும் சொல்லணும். நாளைக்கு அவனை எவனும் பரிதாபமாப் பாக்கக் கூடாது. என்னைப் பத்தி ரோசம்மா என்ன நினைச்சாலும் நினைச்சுட்டுப் போகட்டும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது? தப்புப் பண்ணிட்டேன் ரோசரி. மன்னிச்சுரு."

நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல். அவள் கண் நிறைந்தது. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுட்டேங்க. மறக்கத்தான் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிரான்சியின் தோளைப் பிடித்து எழுப்பி, அருள்ராஜின் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி, அவன் நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்க நில்லு. இங்க நின்னாத்தான் நீ அவனுக்குத் தெரிவ."