நடுவில் நிற்பவள்

பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கியபோது மலைப்பக்கம் கல்குவாரியில் வெடி வைத்தார்கள். காலடியில் தரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. ஜெயசீலி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கணவனுக்கு ஓரடி பின்னால் நடந்தாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸுக்கு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த அசரியாவின் அக்கா புருஷன், கல்யாணப் பரிசாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு சேஞ்சரும் கொண்டு வந்திருந்தார். கனம் தாங்காது என்று ஸ்பீக்கர்களை மட்டும் விட்டுவிட்டார். பேச வாயில்லாத செட்டு சேலையூர் வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. மவுண்ட் ரோடு கடையில் விலையைக் கேட்டதும் அசரியா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். தாம்பரம் மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பொன்னுரங்கம், ஒரு பெரிய ஸ்பீக்கரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சின்னதா இருக்கே?" என்றான் அசரியா.

"நீயும் அம்மாவும் ஒரே சைஸாவா கீறீங்க சார்? குடும்பம் நடக்கல?"

ஜெயசீலி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். பி.எஸ்ஸி.யில் பௌதிகம் எடுத்துப் படித்தவள். இரண்டும் ஒரே ஜாதியாக, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மெல்லிய குரலில் கணவனிடம் சொன்னாள்.

"ஜோடிப் பொருத்தம் பாக்கிற அம்மாவா? அப்போ பல்லாவரம் போங்க. மலையடிவாரத்துல தேவானந்தம்னு ஒரு பெரியவரு. ஜோடியா வெச்சுகினு, யாராச்சும் எடுத்துகினு போனா போதும்னு கீறாரு."

அந்த வீடு நாட்டு ஓடு போட்டது. சுவர்களில் குவாரித் தூசி படிந்திருந்தது. கதவைத் திறந்த தேவானந்தத்துக்கு வயது அறுபது இருக்கும். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்திருந்தது. ஆனால் சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வாங்க தம்பி. வாம்மா. உள்ள வாங்க."

கூடத்தில் அந்துருண்டை வாசனை அடித்தது. சுவரோரம் இரண்டு தேக்குப் பெட்டிகள், முன்பக்கம் பழுப்புத் துணி போட்டு, இடுப்பு உயரத்துக்கு நின்றன. எதிரே ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சுவர் வெறுமையாக இருந்தது. படமில்லை, காலண்டர் இல்லை, ஆணி அடித்த தடம்கூட இல்லை.

ஜெயசீலி துணிச் சட்டங்களைக் கழற்றினாள். கொண்டு வந்திருந்த டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயரிலும் தொட்டுப் பார்த்தாள். இரண்டிலும் காகிதக் கூம்பு ஒரே மாதிரி, ஒரே அளவு வெளியே எழும்பி அடங்கியது. அவள் முகத்தில் அசரியா அதுவரை பார்த்திராத ஒரு பிரகாசம் வந்தது.

தேவானந்தம் தன் செட்டில் ஒரு பெண் பாடிய ரெக்கார்டைப் போட்டார். ஜெயசீலி அசரியாவை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. குரல் எங்கேருந்து வருது?"

அவன் விரலை நீட்டினான். விரல் வெறும் சுவரைக் காட்டியது.

"நடுவுலேருந்து. அங்க யாருமே இல்லையே சீலி!"

"யாரும் இல்லதான். ரெண்டு பக்கமும் ஒரே குரல் ஒரே அளவுல வந்தா, காது நடுவுல ஒரு ஆளை நிறுத்திக்கும். பொருத்தம் சரியா இருந்தா குரல் நிக்கும். இல்லேன்னா சிதறிப் போயிடும்."

"நின்னு பாடற மாதிரியே இருக்கு," என்றான் அசரியா. "மூச்சுகூடக் கேக்குது."

தேவானந்தம் காப்பி கொண்டு வந்தார். சமையலறை வாசலிலிருந்து நாற்காலிக்கு நேராக வந்தால் நாலு எட்டு. அவர் நேராக வரவில்லை. பெட்டிகளுக்கு முன்னாலிருந்த காலி இடத்தைச் சுற்றி, யாரோ நிற்பதைப் போல ஒதுங்கி, தோளைச் சற்று ஒடுக்கிக்கொண்டு வந்தார்.

மூட்டுவலியாக இருக்கும் என்று ஜெயசீலி நினைத்தாள்.

"இதுதான் வேணும்," என்றாள். வீட்டில் அவள் இத்தனை தீர்மானமாக எதையும் கேட்டதில்லை.

தேவானந்தம் கேட்ட தொகை மிகக் குறைவு. "செட்டு என்கிட்டயே இருக்கட்டும். பெட்டியை மட்டும் கொண்டு போங்க. ஒண்ணே ஒண்ணு. ரெண்டையும் பிரிச்சிராதீங்க. ஜோடி கலைய வேண்டாம்."

ரெக்கார்டு முடிந்து ஊசி மேலே எழும்பியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தது தெளிவாகக் கேட்டது, பாடப் போகிறவர்கள் இழுப்பதைப் போல. அசரியா என்று ஜெயசீலி நினைத்தாள். அசரியா வாசலுக்கு வெளியே வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

*

சேலையூர் வீட்டில் அவர்கள் இருவர்தான். அசரியா எழும்பூரில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தான். அவனும் அதிகம் பேசாதவன், அவளும் கூச்ச சுபாவம். "குழம்புல உப்பு சரியா?" "சரிதான்." அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் தினமும் சாயங்கால ஜெபத்தில் இரண்டு பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து கீர்த்தனை பாடுவார்கள். சபைப் பாடகர் குழுவில் அவன் குரலுக்கு நல்ல பேர். அந்தக் குரல் அவள் குரலைத் தேடி வந்து சேர்ந்துகொள்ளும். அவள் ராகத்தை நீட்டினால் அவன் காத்திருப்பான். கல்யாணம் என்று அவளுக்கு ஏதாவது நடந்திருந்தது என்றால், அது அந்தப் பாட்டில்தான் நடந்திருந்தது.

ஸ்பீக்கர்கள் வந்த பிறகு கூடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். சரியான இடம் ஒருவருக்குத்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முதலில் முறை வைத்துக் கேட்டார்கள். பிறகு அவன் மட்டும் கேட்டான்.

ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவான்.

"ஜெபம் பண்ணலாமா?"

"நீ பண்ணு சீலி. நான் இதைக் கேட்டுட்டு வரேன்."

அவள் தனியாகப் பாடினாள். தனியாகப் பாடும்போது தன் குரல் இவ்வளவு மெலிந்ததா என்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவள் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் வயலின் ரெக்கார்டு ஓடியது. வெறும் வயலின், பாட்டில்லாதது. அதனோடு ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

கை தண்ணீரில் அப்படியே நின்றது.

கூடத்துக்கு வந்தாள். அசரியா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். நேரே போய் ஊசியை எடுத்தாள். வயலின் நின்றது. சுவிட்சை அணைத்தாள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது.

முனகல் நிற்கவில்லை.

வெகுநாள் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த பட்டுச் சேலையின் வாசனை வந்தது. பெட்டிகளை ஒட்டி அல்ல, அவற்றுக்கு வெகு முன்னால், நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில்.

"யாருங்க அது?" என்று குரல் எழும்பாமல் கேட்டாள்.

"உஷ்," என்றான் அசரியா. கண்ணைத் திறக்கவில்லை. "மொதல்ல சுவத்துக்கிட்ட நின்னா. இப்ப கிட்ட வந்துட்டா. நீ சத்தம் போட்டா போயிடுவா."

அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அன்றைக்குத்தான் அவள் சரியாகப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தான். சமையலறைக்கு நேராகப் போகவில்லை. காலி இடத்தைச் சுற்றி, தோளை ஒடுக்கி, ஒதுங்கிப் போனான்.

*

திங்கட்கிழமை அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதும் ஜெயசீலி பல்லாவரம் ரயிலைப் பிடித்தாள். தேவானந்தம் வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் நிரம்பி, ஆள் பத்து வயது குறைந்தவரைப் போல இருந்தார். அவளைக் கண்டதும் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டார்.

"அய்யா, அது யாரு? உங்க சம்சாரமா?"

"என் சம்சாரம் செத்தது அவளாலதான்," என்றார். குரல் தணிந்திருந்தது. "நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லம்மா. என் சம்சாரம் ஜுரத்துல பக்கத்து ரூம்ல கூப்பிட்டுக்கிட்டே கிடந்தா. எனக்கு இவ பாட்டுதான் கேட்டுது."

"திருப்பிக் கொண்டு வந்துடறேன்."

"வேண்டாம்!" கேட்டுக்குள் ஓரடி பின்வாங்கினார். "எனக்கு வித்தவர் யாருன்னு கேக்காதே. அவரும் சொல்லல. ஒரு இடத்துல நிக்கிறா. நின்னுட்டுப் போகட்டும். அந்த இடத்தை மட்டும் கலைச்சிராதே."

திரும்பும் ரயிலில் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். அவர் பயந்து சொன்னார். அவளுக்கு அது விடையாகத் தெரிந்தது. நடுவில் நிற்க இடம் கொடுத்தது எது? இரண்டு கூம்புகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்குவது. ஒன்று எழும்பும்போது மற்றது அடங்கினால்? நடு என்ற ஒன்றே இருக்காது. குரல் சிதறிவிடும். ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் போட்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் வலப்பக்கப் பெட்டியின் பின்னால் குனிந்தாள். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி ஒயர்களை மாற்றி முறுக்கினாள்.

அசரியா ஆபீஸிலிருந்து வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவன் ஓடி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தான்.

"சீலி, என்ன பண்ணினே? எங்க அவ?"

எங்குமில்லை. கணக்கு பொய்க்கவில்லை. நடு காலியாகிவிட்டது. குரல் இடமிழந்து தவித்தது. சுவரில் இருந்தது, கூரையில் இருந்தது, பிடரிக்குப் பின்னால் இருந்தது.

பிறகு அவள் மண்டைக்குள் இருந்தது.

இடது காதிலிருந்து வலது காதுக்கு யாரோ உள்ளே நடந்ததைப் போல ஒரு குளிர்ச்சி. நாற்காலிக்குப் பின்னால் அசரியா "அம்மா!" என்று தலையைப் பிடித்துக்கொண்டான்.

அவ்வளவுதான். ஊசி கரகரவென்று ஓடி நின்றது. வாசனையும் போய்விட்டது.

அசரியா தூக்கத்திலிருந்து எழுந்தவனைப் போலச் சுற்றிலும் பார்த்தான். "பசிக்குது சீலி," என்றான். காலி இடத்தின் குறுக்கே நேராக நடந்து சமையலறைக்குப் போனான். அவள் நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

*

பெட்டிகளைப் பொன்னுரங்கமே வந்து எடுத்துக்கொண்டான். ஒன்று முடிச்சூரில் ஒரு டீக்கடைக்கு, மற்றது குன்றத்தூரில் கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டுகிறவருக்கு.

"ஜோடியைப் பிரிக்கிறது பாவம்னு சொல்வாங்கம்மா," என்று சிரித்தான். "ஆனா வாங்கறவன் ஒண்ணு ஒண்ணாதான் கேக்கறான், நான் இன்னா பண்றது?"

"பிரிச்சே குடுங்க," என்றாள் ஜெயசீலி.

அசரியாவுக்கு உடம்பு தேறியது. மறுபடி பாடகர் குழுவுக்குப் போனான். ஆபீஸ் கதைகள்கூடச் சொன்னான். ஜெபத்துக்கு மட்டும் அவளால் அவனைக் கூப்பிட முடியவில்லை. ஏதோ ஒரு தயக்கம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே இரண்டு பாய்களையும் எடுத்து வந்து விரித்தான். வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி விரித்தான். அதை அவள் கவனிக்கவில்லை. வெளியே ஏரிக்கரையில் மழை தூறத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் அவன். இடப்பக்கம் அவள்.

அவன் கீர்த்தனையைத் தொடங்கினான். அவள் சேர்ந்துகொண்டாள். அத்தனை நாள் கழித்து அவன் குரல் அவள் குரலைத் தேடி வந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. இரண்டு குரலும் ஒரே அளவாக, ஒரே ராகமாக எழும்பி, ஒன்றாக அடங்கின.

இரண்டாவது அடியில் பட்டுச் சேலை வாசனை வந்தது.

அவள் பாடிக்கொண்டே கவனித்தாள். தன் குரல் தன் பக்கத்திலிருந்து வரவில்லை. அவன் குரலும் அவன் பக்கத்திலிருந்து வரவில்லை.

நடுவிலிருந்து வந்தது.

ஜெயசீலி சட்டென்று வாயை மூடினாள். நடு காலியானது. அசரியாவின் குரல் மட்டும் அவனிடமிருந்து, ஒற்றையாக, அந்த அடி முடியும்வரை ஒலித்து நின்றது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் அந்தப் பழைய சாந்தம்.

"நிறுத்தாத சீலி," என்று கெஞ்சினான். "நீ பாடினாத்தான் அவ நிப்பா."

மழைச் சாரல் உள்ளே அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்த எழுந்தாள். ஜன்னல் அவன் பக்கத்துச் சுவரில் இருந்தது. பாய்களின் நடுவே நேராகப் போனால் இரண்டு எட்டு.

அவள் கால்கள் அவளைக் கேட்காமலே சுற்றிக்கொண்டு போயின.