வடைக்கு அடியில் ஒரு ஜீன்

மாதங்கியின் மூன்று வருட உழைப்பின் மேல் இரண்டு மெதுவடைகள் உட்கார்ந்திருந்தன. சட்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியவை... எண்ணெய் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ... இது மேல எதுக்கு வச்சேள்?"

கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் நிமிர்ந்தான். வங்காளத்து ஜாதவ்பூரில், பஸ் நிலையத்தை ஒட்டிய அந்தச் சின்ன டிபன் கடைக்கு அவன்தான் முதலாளி, அவன்தான் சரக்கு மாஸ்டர். பெயர் அருள்.

"நீங்கதானங்க காகிதம் கொண்டாந்து வச்சீங்க? ரொம்பச் சுத்தம் பாக்கிறவங்க போல, நம்ம தட்டுல சாப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன். மரியாதையா அதுலயே வச்சேன்."

அவன் நினைத்ததில் தப்பே இல்லை. தபால் ஆபீசில் கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தவளை ஜூலை மழை பாதி வழியில் பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஓடி வந்து, இரண்டு வடை சொல்லிவிட்டு, நனைந்த உறைக்குள்ளிருந்த தாளை எடுத்துக் கல்லா மேல் மின்விசிறிக்கு நேராக வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பியது அவள்தான்.

உள்ளங்கை அகலத்தில் தடித்த வெள்ளைத் தாள். நடுவில் பென்சிலால் ஒரு வட்டம். பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒரு ஜீன் காய்ந்துபோய்க் கிடந்தது. ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று ஜீனை இப்படித்தான் தபாலில் அனுப்பும்... ஒரு சொட்டு விட்டு, உலர்த்தி, சுற்றிக் கோடு போட்டு. அனுப்பிய பேராசிரியர் ஓய்வு பெற்று, பிரீசரையே காலி செய்துவிட்டார். வேறு நகல் கிடையாது. இது போனால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் போயிற்று. அது போனால் பட்டமும் போயிற்று.

"இருங்க, அலசித் தந்துடறேன்" என்று சொம்பை எடுத்தான் அருள்.

"தண்ணி வேண்டாம்..." மாதங்கி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும்."

பிடித்த பிறகுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். நாள் முழுக்கப் புகையில் நிற்கிறவனுக்கு இவ்வளவு தெளிவான கண்களா... இமையோரம் துளி உளுந்து மாவு வேறு. துடைத்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதே என்று கோபம் வந்தது. கோபம் வந்தால் மாதங்கிக்கு வாய் நிற்காது.

"வடை தட்டறவாளுக்கு இதெல்லாம் எங்க புரியப் போறது" என்றாள்.

மூலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த வங்காளிப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது; அவர்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அருளின் முகம் சுருங்கிவிட்டது. இறுக்கமான மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்தான், ஈரம் போகத் துடைத்தான், அவள் முன்னால் வைத்தான்.

"இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க மேடம். ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்குது."

ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பையைப் பிழியலாம் போலிருந்தது. டப்பாவுக்குள் பொட்டு ஈரம் இல்லை. பதற்றம் அடங்கிய பிறகுதான் அவளுக்குப் படித்த படிப்பு நினைவுக்கு வந்தது... ஜீன் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயை மட்டும் வேறு திரவத்தில் அலசி எடுத்தாள். வட்டத்தை வெட்டி, துளி நீரில் ஊறவைத்து, பாக்டீரியாவுக்குள் செலுத்தினாள். மறுநாள் ஆய்வுத் தட்டில் அந்தப் பாக்டீரியா பதினேழு வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருந்தது. சோதித்துப் பார்த்த ஐந்திலும் அவளுடைய ஜீன் இருந்தது. மாதங்கி உட்கார்ந்து அழுதாள். "ஆனந்தக் கண்ணீரெல்லாம் சரி, லேப் பூரா உளுந்து வாசனை" என்று மூக்கைப் பொத்தினாள் தோழி கல்பனா.

மன்னிப்புக் கேட்கத்தான் கடைக்குப் போனாள். டப்பாவை நீட்டினாள். வாய் மட்டும், "ரெண்டு வடை" என்றது.

"எதுல வைக்கட்டும் மேடம்? காகிதம் கொண்டாந்திருக்கீங்களா?"

"தட்டுலயே வைங்கோ."

அடுத்த நாளும் வடை. அதற்கடுத்த நாளும்... அவனும் இறங்கி வரவில்லை, இவளும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் வயிறு கடமுடவென்றது. இனி ரோஷத்தைக் காப்பாற்றினால் குடல் மிஞ்சாது என்று புரிந்துவிட்டது.

"நான் அன்னிக்குச் சொன்னது ரொம்பத் தப்பு. உங்க டப்பா இல்லேன்னா எல்லாமே போயிருக்கும்."

அருள் கரண்டியைக் கீழே வைத்தான். "மன்னிப்பெல்லாம் வேணாங்க. அது என்னன்னு சொல்லுங்க. எனக்குப் புரியுதா பாப்போம்."

சொன்னாள். மேப்-டூ-கே-ஒன் என்று ஒரு ஜீன், எல்லா மனிதருக்குள்ளும் இருப்பது. அது ஒரு நொதியை உண்டாக்கும். செல்லின் வாசலுக்கு வரும் சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போகும். நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பது இந்த நொதி. சேதி போய்ச் சேர்ந்தால் செல் வளரும், பெருகும்.

"ஆர்டர் எடுக்கிற ஆளு" என்றான் அருள். "டேபிள்ல கேட்டதை அடுப்படிக்குச் சொல்றவரு."

"ஆமா... தபால்ல எனக்கு வந்தது அதோட உருமாறிப்போன நகல். சேதி வராமலே சொல்லிண்டே இருக்கும். கேன்சர்ல கொண்டு விடலாம்."

"யாரும் கேக்காமலே மசால் தோசை, மசால் தோசைன்னு கத்துவாரு. அடுப்படியும் ஊத்திட்டே இருக்கும். கடை நாசமாப் போயிரும்."

மாதங்கி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் ஆராய்ச்சியை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இவனைப் பிடித்துவிட்டது என்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

நவராத்திரி முடிந்து பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லேப்டாப்பைக் கல்லா மேல் வைத்துத் திருப்பினாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கம். அப்பா வாஞ்சிநாதனுக்கு, அம்மா ஜெயலக்ஷ்மிக்கு, தோழி கல்பனாவுக்கு... கடைசி வரியில், 'அருளுக்கு'.

அவன் இரண்டு தடவை படித்தான். "எல்லாருக்கும் என்ன உறவுன்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் போடலையே?"

"அதைத்தான் கேக்க வந்தேன்." "எங்கப்பா இதே ஊர்ல பேங்க் ஆபீசரா இருந்தவர், ஒரு வரி விட மாட்டார். யாருடி இந்த அருள்னு கேப்பார். நண்பர்னு போட்டா பொய். வேற போட்டா ஆத்துல பூகம்பம். நீங்களே சொல்லுங்கோ... என்ன போடட்டும்?"

கல்லில் தோசை கருகியது. அருள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அச்சுக்கு எப்பப் போகுது?"

"நாலு மணிக்கு."

அவன் அடுப்பை அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். "மணி ரெண்டுதான். வாங்க, உங்க வீட்டுக்குப் போய் உங்கப்பாகிட்ட நேர்லயே சொல்லிர்றேன். அவரு காகிதத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வேணாம்."

"என்னன்னு சொல்லுவேள்?"

"உங்களை விரும்புறேன்னு." கருகிய தோசையைச் சுரண்டிப் போட்டான். "வடை தட்டுறவனுக்கு எங்க பொண்ணைத் தர மாட்டோம்னுட்டா... என்னங்க பண்றது?"

மாதங்கி குனிந்து அவன் பெயருக்கு முன்னால் இரண்டு வார்த்தைகளைத் தட்டினாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள். 'நான் காதலிக்கும் அருளுக்கு.'

"அப்பா என்ன சொன்னாலும் சரி" என்றாள், "நாலு மணிக்கு இதுதான் அச்சுக்குப் போகும்."