சுத்தியல் போகாத பள்ளம்

"சுத்தியலை வெளிய எடுத்து வைண்ணா—"

"சுத்தியல் இல்லாம எஞ்சினைப் பிரிக்க, நாம என்ன பூவா கட்டப் போறோம்—"

"எடுத்து வைண்ணா!"

பாறை விளிம்பில் அண்ணன் சடையனும் தங்கை தவமணியும் கத்திக்கொண்டிருந்தார்கள். தேனெடுக்கும் வேடியப்பன் இருவர் வாயையும் கையால் பொத்தினார்.

"அங்க பாருங்க."

எதிர்ப்பாறையில் கறுப்புப் போர்வை போல ஒன்று தொங்கியது. போர்வை அசைந்தது! மலைத்தேனீ. அதற்கு நேர் கீழே, பள்ளத்தில், எப்போதோ உருண்டு விழுந்த லாரி ஒன்று மல்லாந்து கிடந்தது.

"இரும்பு மேல இரும்பு அடிபட்டா மொத்தமும் இறங்கும். வெயில் பாறைக்கு வரதுக்குள்ள மேல வந்துடணும், மாப்ள."

சடையனின் லாரியும் அதே மாடல்தான். மரப்பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வரும் அளவுக்குச் சிறிய லாரி அது ஒன்றே. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு முறிந்து, நின்றுவிட்டது. சேலம் வரை பழைய இரும்புக் கடைகளை அலசியாயிற்று. கிடைத்த ராடெல்லாம் அரை விரற்கடை கூடுதல் நீளம். வீட்டில் அவன் மனைவி வெள்ளச்சிக்கு ஒன்பதாம் மாதம். போன பிரசவத்துக்கு மழையில் அவளைத் தூளிகட்டித் தூக்கிப் போனார்கள். பிள்ளை பாதி வழியிலேயே போய்விட்டது. மழைக்கு இன்னும் ஒரு வாரம்.

சடையன் முனகிக்கொண்டே குனிந்து பையைக் கட்டினான். இருவரும் கயிற்றில் இறங்கினார்கள்.

விழுந்த வேகத்தில் எண்ணெய்த் தொட்டி பிய்ந்து, கிராங்க் வெளியே தெரிந்தது. பிஸ்டன் நொறுங்கியிருந்தது. ராடு மட்டும் பழுதில்லாமல், அடிமூடியோடு கிராங்கைக் கவ்விக்கொண்டிருந்தது. இரண்டே நட்டு! மெக்கானிக் படிப்பு முடித்த தவமணி முதல் நட்டைக் கழற்றினாள். இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. நட்டின் முனையெல்லாம் மழுங்கிப்போயிற்று.

"மூடியை உடைச்சுட்டு ராடை எடுப்போம் புள்ள. நம்ம வண்டி மூடியைப் போட்டுக்கலாம்," சடையன் கிசுகிசுத்தான்.

"மூடியும் ராடும் ஜோடி. மாத்திப் போட்டா எஞ்சின் இறுகி நின்னுடும். பாலத்து மேல நின்னா? அண்ணியை வச்சுக்கிட்டு?"

மேலே போர்வை சிலிர்த்தது. வெயில் பாறையின் முக்கால் பங்கைத் தின்றிருந்தது. தவமணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா... பையில சுத்தியல் வச்சிருக்கதானே?"

அவன் திடுக்கிட்டான்.

"எனக்குத் தெரியும். குடு. நட்டுல உளி வச்சு ஒரே அடி, ஓடிடலாம்."

அவன் கை பைக்குள் போனது. அந்நேரம் ஒரு தேனீ பறந்து வந்து, அவன் இமை மேல் உட்கார்ந்தது.

"தட்டாதண்ணா! ஒண்ணு கொட்டுனா, அந்த வாசத்துக்கே மத்ததெல்லாம் வரும்!"

தேனீ மூக்கில் இறங்கியது. உதட்டில் நின்றது. அவன் மூச்சுவிடவில்லை. அது பறந்ததும் கையை வெளியே எடுத்தான். சுத்தியல் இல்லை, அரம்!

"எண்ணெயை ஊத்து. நட்டை ராவிச் சின்னதாக்குவோம். சின்ன ஸ்பேனர் பிடிக்கும்."

"நேரம் இல்லண்ணா!"

"ஊத்து."

சரக்... சரக்... ஈரத்துணி மூடி, இழுப்புக்கு இழுப்பு நிறுத்தி, மேலே பார்த்துப் பார்த்து ராவினான். வெயில் கூட்டின் விளிம்பைத் தொட்டது. 'உஸ்ஸ்' என்று பாறையே மூச்சுவிட்டது. சின்ன ஸ்பேனர் கவ்வியது. நட்டு அசைந்தது! ராடு, மூடி, இரண்டையும் மடியில் கட்டினாள் தவமணி. சடையன் பையிலிருந்த சுத்தியலைச் சத்தமில்லாமல் புல்லில் கிடத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

பாதி ஏறும்போது போர்வை கிழிந்து காற்றெல்லாம் கறுத்தது. வேடியப்பன் இழுத்த இழுப்பில் முழங்கை தேய்ந்தது. மூன்று கொட்டு, அவ்வளவோடு புதருக்குள் உருண்டு தப்பினார்கள்.

ஐந்தாம் நாள் எஞ்சின் உறுமியது. ஒன்பதாம் நாள், கொட்டும் மழையில் வெள்ளச்சிக்கு வலி கண்டது. லாரி பாலத்தில் ஏறியபோது எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டார்கள். அது ஒரு தடவைகூடத் திணறவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தை வீரிட்டது. "பொம்பளைப் புள்ளை!" என்றாள் நர்ஸ். சடையன் சிரித்தான், அழுதான், கொட்டுப்பட்டு ஆறிய உதட்டைத் தடவிக்கொண்டான்.

தவமணி மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு சண்டை போட்டவளே நான்தான். அங்க நான் கேட்டப்ப, நீ சுத்தியலைக் குடுத்திருந்தா, அண்ணா?"